வலையில்லாத பெரிய ஹம்மாக்கைத் திருப்பி அனுப்பாதீர்கள்

பெங்களூர் ஹொரமாவில் வசிக்கும் ஒரு தங்கை இப்படிக் கேட்டிருக்கிறார்: "அண்ணா, முகாம்களுக்கு எடுத்துப் போகலாம் என்று, இரு மரங்களுக்கு நடுவே தொங்கவிட்டு இருவர் படுக்கும் பெரிய துணி ஹம்மாக் ஒன்று வாங்கினேன். 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம். கொசுவலை கிடையாது. பால்கனியில் கட்டிப் படுத்துப் பார்த்தேன். முதுகு வளைந்து வலித்தது. தோள்கள் இரண்டும் நெருக்கப்பட்டன. முதுகுப் பக்கமாகவே கொசு கடித்தது. ஜனவரியில் கணவரோடும் எட்டு வயது மகளோடும் சக்லேஷ்பூர் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் இரண்டு நாள் தங்கப் போகிறோம். இதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வலை சேர்த்துத் தைத்த ஹம்மாக்காக வாங்கிவிடட்டுமா?"

வேண்டாம். நீங்கள் வாங்கியிருப்பதுதான் சரியானது. உங்களுக்கு நேர்ந்த மூன்று தொல்லைகளில் முதல் இரண்டும் கட்டிய விதத்தால் வந்தவை. மூன்றாவது, வலை சேர்த்துத் தைத்த ஹம்மாக்கிலும் வந்திருக்கும். இதை உறுதியாகச் சொல்கிறேன். நான் முதலில் வாங்கியது வலை வைத்துத் தைத்ததுதான். இரண்டு ஆண்டுகள் அதோடு மல்லுக்கட்டிவிட்டு ஒரு நண்பருக்குக் கொடுத்துவிட்டேன். அதன் பிறகு வாங்கிய வலையில்லாத பெரிய ஹம்மாக் ஒன்பது ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. அல்சூரில் என் வீட்டு மொட்டை மாடியிலும் காவிரிக் கரை முகாம்களிலும் குடகுத் தோட்டங்களிலும் அதில் தூங்கியிருக்கிறேன். தொழிலால் நான் கட்டடப் பொறியாளன். ஆகவே இழுவிசைக் கணக்கு கொஞ்சம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பையைப் பிரித்ததும் உங்களுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. ஒரு உரித்த தேங்காய் அளவுக்கு இருக்கும் பையிலிருந்து துணி வந்துகொண்டே இருக்கும். எட்டு முழ வேட்டியைவிட நீளம் சற்றுக் குறைவு, ஆனால் அகலம் அதைவிட மிக அதிகம். பாராசூட் துணி என்று விற்கப்படும் மெல்லிய நைலான், கையில் வழுக்கும், புது நெடி அடிக்கும். இவ்வளவு மெல்லியது எப்படி ஆளைத் தாங்கும் என்ற சந்தேகம் முதல் முறை எல்லோருக்கும் வருகிறது. துணி தாங்கும். நெருக்கமாக நெய்த நைலான் அபாரமான பலம் கொண்டது. துணியின் நடுப்பகுதி கிழிவது அரிது. பழுது வருவதெல்லாம் இரு முனைகளிலும் துணியைச் சுருக்கித் தைத்த மடிப்பில், அல்லது கூடவே கொடுக்கிற மெல்லிய கயிற்றில். வாங்கியவுடன் பார்க்க வேண்டியது அந்த மடிப்புத் தையலைத்தான். நெருக்கமாக, இரண்டு மூன்று வரிசையாக இருக்க வேண்டும். ஒரு நூல் பிரிந்திருந்தால்கூட, அந்த ஒரு காரணத்துக்காகத் திருப்பி அனுப்பலாம்.

அடுத்தது அகலம். "இருவர் படுக்கலாம்" என்று உறையில் அச்சிட்டிருப்பதை நம்பியதால்தான் உங்களுக்கு ஏமாற்றம். இரண்டு பேர் படுத்தால் இருவரும் பள்ளத்தின் நடுவுக்குச் சரிந்து ஒருவர் மேல் ஒருவர் அழுந்துவார்கள், அரை மணி நேரத்துக்கு மேல் முடியாது. அந்த அகலம் ஒரே ஒருவர் குறுக்குவாட்டில் சாய்ந்து படுப்பதற்காக இருப்பது. நாமெல்லாம் தூளியில் கிடந்து வளர்ந்தவர்கள், அம்மாவின் புடவையில் அவரைக்காய்க்குள் விதை போல. குழந்தையின் உடம்பு அந்த வளைவுக்குள் அடங்கிவிடும். வளர்ந்தவர் அதே போல நீளவாக்கில், நட்ட நடுவில் படுத்தால் முதுகு வாழைப்பழமாக வளையும், துணி இரு பக்கமும் எழும்பித் தோளை நெருக்கும். நீங்கள் சொன்ன அதே வலி. தலையை நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கமும் பாதங்களை எதிர்ப் பக்கமுமாக நகர்த்துங்கள். துணி உங்களுக்குக் கீழே தட்டையாக விரிந்து கொடுக்கும், முதுகு கிட்டத்தட்ட நேராகிவிடும். பக்கவாட்டில் ஒருக்களித்துக்கூடத் தூங்கலாம். கரீபியத் தீவுகளின் தாயினோ மக்கள் இப்படிப்பட்ட படுக்கையில் உறங்குவதை 1492-ல் கொலம்பஸ் பார்த்தார். ஹம்மாக் என்ற சொல்லே அவர்கள் மொழியிலிருந்து ஸ்பானியம் வழியாக உலகத்துக்கு வந்தது. மெக்சிகோவின் யுகத்தான் பகுதியில் மாயா மக்கள் இன்றும் கயிற்றால் மிக அகலமாகப் பின்னுகிறார்கள், குறுக்கே படுப்பதற்காகவே. அகலம் குறைந்த, ஒருவருக்கானது என்று விற்கும் ஹம்மாக்குகளில் இந்தச் சாய்வு கிடைக்காது. ஆகவே பெரியதை வாங்கியதில் நீங்கள் தவறவில்லை.

இன்னும் ஒரு சிறு திருத்தம்: கால் பக்கத்து முனையைத் தலைப் பக்கத்தைவிட ஒரு சாண் உயர்த்திக் கட்டுங்கள். உடம்பின் எடை இடுப்பிலும் மார்பிலும்தான் அதிகம். இரு முனையும் சமமாக இருந்தால் இரவு முழுவதும் கால் பக்கமாக வழுக்கிக்கொண்டே போவீர்கள்.

இப்போது கட்டும் கோணம். தொய்வில்லாமல், விறைப்பாக இழுத்துக் கட்டினால்தான் நேராகப் படுக்கலாம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன். நடப்பது நேர்மாறானது. இழுத்துக் கட்ட, துணியின் ஓரங்கள் விறைத்து, நடுவில் உங்களைக் கவ்விக்கொள்ளும். அது மட்டுமல்ல, கட்டிய இடத்தில் விழும் இழுவிசை கற்பனைக்கு எட்டாத அளவு ஏறும். 70 கிலோ எடையுள்ள ஒருவர் படுக்கும்போது, துணியின் முனைகளை மரத்தோடு கட்டும் வார்கள் கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சரிந்திருந்தால் ஒவ்வொரு பக்கமும் விழும் இழுவிசை அதே 70 கிலோ. சரிவை 10 பாகையாகக் குறைத்தால் ஒவ்வொரு பக்கமும் 200 கிலோ. 5 பாகை என்றால் 400 கிலோவுக்கு மேல். பொத்தென்று உட்கார்ந்தால் ஒரு நொடிக்கு இன்னும் கூடுதல். உறையில் 300 கிலோ தாங்கும் என்று போட்டிருப்பது அசையாத எடைக்கு, நல்ல சரிவில் கட்டியபோது.

30 பாகையை அளக்கக் கருவி வேண்டாம். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் செங்கோணமாக விரித்து, ஆள்காட்டி விரலைக் கிடைமட்டமாக நீட்டுங்கள். இரு விரல் நுனிகளையும் இணைக்கும் கற்பனைக் கோட்டோடு வார் ஒத்துப் போனால் போதும். 3 மீட்டர் துணிக்கு மரங்களின் இடைவெளி 4 முதல் 5 மீட்டர் வரை இருப்பது வசதி. நாலரை மீட்டர் இடைவெளியில் தரையிலிருந்து சுமார் 1.8 மீட்டர் உயரத்தில் வாரைச் சுற்றினால், நீங்கள் உட்கார்ந்த பிறகு அடிப்பகுதி நாற்காலி உயரத்துக்கு, அதாவது 45 சென்டிமீட்டருக்கு இறங்கி நிற்கும். அதற்கு மேல் ஒருபோதும் கட்டாதீர்கள். விழுந்தாலும் சிரித்துக்கொண்டு எழக்கூடிய உயரம் அதுதான்.

ஒவ்வொரு முறையும் இந்தத் தொய்வை ஊகித்துக் கட்டாமல் இருக்க ஒரு வழி உண்டு. இரு முனைகளுக்கும் இடையே, துணிக்கு மேலாக, நீளாத கயிறு ஒன்றை நிரந்தரமாகக் கட்டிவிடுங்கள். அதன் நீளம் துணியின் நீளத்தில் ஏறத்தாழ 83 சதவீதம். உங்கள் 3 மீட்டருக்கு 2.5 மீட்டர். மரங்கள் எப்படி அமைந்தாலும் துணியின் தொய்வு மாறாது. கண்ணாடி, தண்ணீர் பாட்டில், விளக்கு எல்லாம் தொங்கவிடவும் அந்தக் கயிறுதான். பின்னால் வலை போடும்போதும் அதுவே முகட்டு விட்டம்.

கூடவே வந்த கயிற்றைப் பயன்படுத்தியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதைத் துணி உலர்த்த வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய கயிறு மரப்பட்டையை அறுக்கும். பட்டைக்குச் சற்று உள்ளேதான் மரத்தின் உணவு ஓடுகிறது, வளையமாக அறுபட்டால் மரம் நாளடைவில் பட்டுப்போகும். இரண்டு அங்குல அகலமுள்ள பாலியஸ்டர் வார், நெடுகக் கண்ணிகள் தைத்தது, வாங்குங்கள். நைலான் வார் எடையில் நீண்டுகொண்டே போகும், விடிவதற்குள் இடுப்பு தரையைத் தொட்டுவிடும். ஹம்மாக்குக்காகச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கு வாருக்குப் போவதை வீண் என்று நினைக்காதீர்கள்.

பால்கனியில் எதில் கட்டினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அது என்னை உறுத்துகிறது. கைப்பிடிக் கம்பியிலோ ஜன்னல் கிராதியிலோ கட்டியிருந்தால் இன்றே அவிழ்த்துவிடுங்கள். அவை சாய்ந்து நிற்பவரைத் தாங்கச் செய்தவை, தொடர்ந்து இழுக்கப்படுவதற்காக அல்ல. பெங்களூரின் அடுக்குமாடிகளில் தூண்களுக்கு இடைப்பட்ட சுவர்கள் பெரும்பாலும் உள்ளே கூடான கான்கிரீட் கல்லாலோ இலேசான நுண்துளைக் கல்லாலோ எழுப்பப்பட்டவை. அவற்றில் போல்ட் அடித்தால் சில நாள் நிற்கும், பிறகு கல்லோடு பெயர்ந்து வரும். தனியாக நிற்கும் செங்கல் தூண் இன்னும் மோசம். அது மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கும், பக்கவாட்டு இழுப்பைத் தாங்காது. அப்படிப்பட்ட தூண் சரிந்து குழந்தைகள் இறந்த நிகழ்வுகள் வெளிநாடுகளில் உண்டு. கம்பி கட்டி வார்த்த கான்கிரீட் தூணோ உத்தரமோ மட்டுமே நம்பத்தக்கது. அதிலும் குடியிருப்போர் சங்கத்தின் அனுமதியோடு, தகுந்த ஆளை வைத்து விரிவடையும் போல்ட் போட வேண்டும். வாடகை வீடென்றால் இரும்புச் சட்டத்தில் மாட்டும் தாங்கி வாங்கிக்கொள்வது நிம்மதி.

இனி, நீங்கள் கேட்ட வலை. முதுகுப் பக்கமாகக் கொசு கடித்தது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்கான விடை அந்த வரியிலேயே இருக்கிறது. வலை சேர்த்துத் தைத்த ஹம்மாக்கில் வலை இருப்பது மேலே மட்டும். கீழே அதே ஒற்றை நைலான் துணி, உங்கள் எடையால் விறைத்து, முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது. கொசு அடியில் உட்கார்ந்து துணி வழியாகவே ஊசியை இறக்கும். என் பழைய ஹம்மாக்கில் முகத்துக்கு மேலே வலையை அழகாக மூடிவிட்டு, விடிந்து பார்த்தால் தோள்பட்டையிலும் தொடையின் பின்புறத்திலும் தடிப்புத் தடிப்பாக எழும்பியிருக்கும். ஜிப்பும் இரண்டாம் ஆண்டே பல் விட்டுவிட்டது. வலை தைத்ததில் குறுக்கே காலைத் தொங்கவிட்டு நாற்காலி போல உட்கார முடியாது. பகலில் ஹம்மாக்கின் பாதி இன்பம் அந்த உட்கார்தலில்தான் இருக்கிறது. நடு இரவில் வெளியே போக வேண்டியிருந்தால் இருட்டில் ஜிப்பைத் தடவ வேண்டும். கொசுவில்லாத குளிர்கால மலையிலும் அந்த வலையைச் சுமந்தே தீர வேண்டும்.

தனி வலை என்றால் உறை போல ஹம்மாக்கை முழுவதுமாக, அடிப்பக்கத்தையும் சேர்த்து, விலகி நின்று சூழும். துணிக்கும் வலைக்கும் நடுவே ஒரு கை இடைவெளி இருப்பதால் கொசுவின் ஊசி எட்டாது. கடைகளில் ஆயத்தமாகக் கிடைக்கிறது. என்னுடையதைத் தைத்துக்கொண்டேன். சிக்பேட்டையில் கொசுவலைத் துணியை மீட்டர் கணக்கில் வாங்கி, தெருமுனைத் தையற்காரரிடம் கொடுத்தேன். நீங்களும் செய்வதானால் அளவு இது: இருபுறமும் திறந்த குழாய் வடிவம், நீளம் 3.5 மீட்டர், சுற்றளவு 4 மீட்டர். இரு வாய்களிலும் பாவாடை நாடா போல இழுத்து இறுக்கும் கயிறு. ஒரு பக்கவாட்டில் 1.2 மீட்டர் ஜிப். முகட்டுக் கயிற்றில் மாட்ட உள்பக்கம் நான்கு சிறு கண்ணிகள். ஹம்மாக்கை மாட்டுவதற்கு முன்பே வாரைக் குழாய்க்குள் நுழைத்துவிட வேண்டும், இதை மறந்தால் எல்லாவற்றையும் கழற்றித் திரும்பக் கட்ட நேரும். துணியை வாங்கும்போது வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வீட்டு வலைக்கு உரிய நெருக்கமான கண்ணே போதும். அழகுக்காகப் போடும் பெரிய கண் வலையில் கொசு தாராளமாக நுழையும்.

பால்கனியில் மாலை நேரம் படிக்க மட்டும் என்றால் வலைகூட வேண்டாம். ஒரு மேசை விசிறியை ஹம்மாக்கின் அடிப்பக்கம் நோக்கித் திருப்பி வையுங்கள். கொசு பலவீனமாகப் பறக்கும் பூச்சி, அந்தக் காற்றை எதிர்த்து வராது. டெங்கைப் பரப்பும் ஏடிஸ் வகைக் கொசு பகலில் கடிப்பது, காலையிலும் பொழுது சாய்வதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்திலும் அதற்கு வேகம் அதிகம். ஆகவே "இருட்டிய பிறகுதானே கொசு" என்று பகல் தூக்கத்தில் அசட்டையாக இருக்க வேண்டாம். உடம்பில் பூசும், டீட் என்ற கொசுவிரட்டி மருந்து கலந்த களிம்பு நைலானைக் கெடுக்காது. ஆனால் கண்ணாடிச் சட்டம், கைக்கடிகாரம் போன்ற பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். கையைத் துடைத்துவிட்டுத் தொடுங்கள்.

சக்லேஷ்பூரில் ஜனவரியில் உங்களை வாட்டப்போவது கொசுவைவிடக் குளிர். நான் முதல் முறை போன டிசம்பரில் நல்ல உறக்கப் பைக்குள்தான் படுத்தேன். பின்னிரவு 3 மணிக்கு முதுகு ஐஸ்கட்டியில் கிடப்பது போல விழித்தேன். தரையில் படுத்தால் கீழே காற்று ஓடாது. தொங்கும்போது அடியில் காற்று ஓயாமல் உடம்புச் சூட்டை அள்ளிக்கொண்டு போகும். உறக்கப் பையின் பஞ்சும் உங்கள் எடையில் நசுங்கி, முதுகுப் பக்கம் பயனற்றுப் போகும். பெங்களூரிலேயே 20 டிகிரிக்குக் கீழே இறங்கினால் இதை உணர்வீர்கள். யோகா செய்யும் நுரைப் பாயை உள்ளே விரித்து அதன் மேல் படுங்கள். குறுகிய ஹம்மாக்கில் பாய் சுருண்டு எழும்பும், உங்களுடையதில் சாய்வாக விரித்தால் தட்டையாக நிற்கும். பாய் இருந்தால் அடியிலிருந்து கொசு கடிப்பதும் நின்றுவிடும் என்பது கூடுதல் லாபம். பழக்கமாகிவிட்டால், ஹம்மாக்குக்கு அடியில் வெளிப்பக்கமாகத் தொங்கும் மெத்தைப் போர்வை ஒன்று பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

மரம் தேர்வதில் அவசரப்படாதீர்கள். முருங்கை பருத்தால் தூணாகுமா என்று நம் முன்னோர் கேட்டது ஹம்மாக்குக்கும் பொருந்தும். பருமன் இருந்தும் உறுதியில்லாத மரங்கள் பெங்களூரைச் சுற்றி ஏராளம். குல்மோகரும் தூங்குமூஞ்சி மரமும் ஏப்ரல், மே மாத முதல் மழையில் கிளை முறிந்து வாகனங்கள் மேல் விழுவதை ஆண்டுதோறும் பார்க்கிறோம். தைலமரமும் காற்றில்லாத நாளில்கூடக் கிளையை உதிர்க்கும். தென்னையில் தேங்காயும் மட்டையும் விழும். புளி, மா, வேம்பு, ஆற்றங்கரை நீர்மருது ஆகியவை நன்றாகத் தாங்கும். ஆனால் மாமரத்தில் இலைகளைச் சேர்த்துக் கட்டிய முசுறு எறும்புக் கூடு இருக்கிறதா என்று நிமிர்ந்து பாருங்கள், வார் வழியாக அவை இறங்கி வரும். பட்ட கிளை ஒன்று தலைக்கு நேர் மேலே இருந்தால் அந்த மரத்தை விட்டுவிடுங்கள். இடி இடிக்கும் நேரத்தில் எந்த மரமும் வேண்டாம். லால்பாகிலும் கப்பன் பார்க்கிலும் கட்ட ஆசைப்படாதீர்கள், அவை எல்லோருக்குமான, வயது முதிர்ந்த மரங்கள். பன்னேர்கட்டா, காவிரி வனவிலங்குச் சரணாலயம் பக்கங்களில் அனுமதி பெற்ற முகாமுக்கு வெளியே கட்டவே கூடாது. அவை யானைகள் நடமாடும் வழிகள்.

மகளைப் பற்றி. ஹம்மாக்கில் உட்கார்ந்து ஆடட்டும், பக்கத்தில் நீங்கள் இருக்கும்போது. துணியைத் தனக்குச் சுற்றி முறுக்கிச் சுழலும் விளையாட்டை மட்டும் அனுமதிக்காதீர்கள், கழுத்தைச் சுற்றும் அபாயம் உண்டு. பயன்படுத்தாத நேரத்தில் கண்ணிகளுள்ள வாரைத் தொங்கவிடாமல் கழற்றிப் பையில் வையுங்கள். வெயிலில் விட்டு வைத்தால் நைலான் நைந்துபோகும் என்பதற்காகவும் கழற்றுவது நல்லது.

தோட்டத்தில் காலைக் கீழே வைக்கும்போது உண்ணி பற்றிய கவனம் வேண்டும். குரங்குக் காய்ச்சல் என்று கர்நாடக மலைநாட்டில் சொல்லும் நோய், 1957-ல் சிவமொக்கா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் அடையாளம் காணப்பட்டது. உண்ணிக் கடியால் பரவுகிறது. டிசம்பர் முதல் மே வரை அதற்கு உச்சக் காலம். அக்கம்பக்கத்தில் குரங்குகள் இறந்தனவா என்று தோட்டத்தாரிடம் போகும் முன்பே கேளுங்கள். இறந்திருந்தால் பயணத்தை வேறு ஊருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இல்லை என்றாலும் பைகளைச் சருகின் மேல் போடாமல் ஹம்மாக்கின் வாரிலேயே மாட்டுங்கள், முழுக் காலுறை அணியுங்கள், இரவு படுக்கும் முன் மகளின் முழங்கால் மடிப்பையும் அக்குளையும் காதுக்குப் பின்னாலும் பார்த்துவிடுங்கள்.

அங்கே நிழலுக்காக நட்டிருக்கும் சில்வர் ஓக் மரங்கள் நேராகவும் உறுதியாகவும், பெரும்பாலும் உங்களுக்கு வேண்டிய இடைவெளியிலும் நிற்கும். ஆனால் பலவற்றில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். ஜனவரியில் அதில் காய் முற்றிக்கொண்டிருக்கும். வாரை இறுக்கினால் கொடி நசுங்கிவிடும், அது ஒரு குடும்பத்தின் வருமானம். கொடியில்லாத இரண்டு மரங்களைத் தோட்டத்தாரையே காட்டச் சொல்லுங்கள்.